டர்பனில் இரண்டு இரவு: பணம் கட்டும் முன் கேளுங்கள்

கேள்வி: அண்ணா, மிட்ராண்டில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஆறு பேர், ஒரு வார இறுதிக்கு டர்பன் போகலாம் என்று இருக்கிறோம். வெள்ளி இரவும் சனி இரவும் தங்கல். டர்பனுக்கு வடக்கே உம்லாங்காவில் கடலைப் பார்த்த இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்று கிடைத்திருக்கிறது, "ஆறு பேர் தங்கலாம்" என்று போட்டிருக்கிறார்கள். முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் விலை குறைவு, ஆனால் பிறகு ரத்து செய்தால் ஒரு ராண்ட் கூடத் திரும்பாதாம். எங்களில் ஒருவனுக்கு லீவு இன்னும் உறுதியாகவில்லை. இன்னொருவன் ஃபேஸ்புக்கில் இதைவிட ரொம்ப மலிவாக ஒரு வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறான், அவர்கள் பாதிப் பணத்தை இன்றே ஈஎஃப்டியாக, அதாவது வங்கிக் கணக்குக்கு நேரடியாக, அனுப்பச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: தம்பி, ஃபேஸ்புக் வீட்டை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது நிஜமான வீடாகவே இருக்கலாம், ஆனால் அவசரப்படுத்துவது, சந்தைக்குப் பொருந்தாத விலை, ஈஎஃப்டி மட்டுமே என்பது, இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நான் ஒரு சென்ட் கூட அனுப்ப மாட்டேன். ஈஎஃப்டியில் போன பணம் போனதுதான், மறுபக்கம் எடுத்துவிட்டால் வங்கி பெரும்பாலும் கையை விரித்துவிடும். கார்டில் கட்டியிருந்தால் "பணம் கட்டினேன், சேவை கிடைக்கவில்லை" என்று வங்கியிடம் முறையிட்டு அதைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கிறது. அப்படியும் அந்த வீடுதான் வேண்டும் என்று நண்பர் அடம்பிடித்தால், படங்களை எடுத்து கூகுளில் படத்தை வைத்தே தேடிப் பாருங்கள், வேறு ஊர் வேறு பெயரில் அதே படுக்கை வந்து நிற்கலாம். அப்புறம் அந்தக் கட்டடத்தின் பெயரைக் கேட்டு, அதன் வரவேற்பு மேசைக்கோ காவல் அறைக்கோ நீங்களே எண் தேடிப் போன் செய்து, இந்த எண் ஃப்ளாட் இங்கே வாடகைக்கு விடப்படுகிறதா என்று கேளுங்கள். அவர்கள் கொடுக்கும் எண்ணுக்குப் போன் செய்வதில் பயனில்லை.

இனி அந்த "ஒரு ராண்ட் கூடத் திரும்பாது". இதைப் படித்துவிட்டு அவ்வளவுதான் என்று நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள், எனக்கு வருத்தமே அங்கேதான். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 17, முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தருகிறது. இடம் தருபவர் நியாயமான முன்பணம் வாங்கலாம், ரத்துக்கு நியாயமான கட்டணமும் பிடிக்கலாம். எது நியாயம் என்பதற்கும் அதே பிரிவில் அளவுகோல் இருக்கிறது: எவ்வளவு நாள் முன்னால் சொன்னீர்கள், அந்த இடைவெளியில் அவர் முயன்றால் வேறு ஆளைப் பிடித்திருக்க முடியுமா, அந்தத் தொழிலில் பொதுவாக நடக்கிற வழக்கம் என்ன என்பவை. ஆக ஒன்றரை மாதத்துக்கு முன்னால் நீங்கள் ரத்து செய்து, அதே அறையை அவர் வேறு ஒருவருக்கு விற்கப் போதிய நாள் இருந்தும் முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வது என்பது அவர் எழுதிவைத்த நிபந்தனை மட்டுமே, அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரப்போகிறவர் வியாழக்கிழமை ரத்து செய்தால் அது வேறு கதை, அங்கே முழுக் கட்டணமும் நியாயமாகவே படலாம்.

இன்னொன்று, யாருக்காக அறை போடப்பட்டதோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ரத்துக் கட்டணமே வாங்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மருத்துவமனைக் கடிதத்தோடு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஆனால் லீவு கிடைக்கவில்லை என்பது இந்த விலக்கில் வராது, காய்ச்சலில் வீட்டில் படுத்திருப்பதும் வராது. அதேபோல, "ஆன்லைனில் வாங்கினால் ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாமே" என்று ஒருவர் சொல்வார், எல்லாக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் உண்டு. அந்த ஏழு நாள் 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடம், பயணம், உணவு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. அதை நம்பி அவசரமாக அறை போடாதீர்கள்.

சட்டம் இருக்கிறது என்பதற்காக வம்புக்குப் போகவும் வேண்டாம். உங்கள் விஷயத்தில் ஒருவனுடைய லீவே உறுதியில்லை, அப்படி இருக்கும்போது ரத்து செய்ய முடிகிற விலையை எடுங்கள், கூடுதலாகும் தொகையை ஆறாகப் பங்கு போட்டால் ஒரு வேளை டீச்செலவு கூட வராமல் போகலாம். முன்பதிவு யார் பெயரில் இருக்கிறதோ ரத்தானால் அடி அவருக்குத்தான் விழும், மற்ற ஐந்து பேரின் பெயர் அந்த ரசீதில் இல்லை. ஒருவர் கார்டில் போடுவதற்கு முன்பே மற்ற எல்லோரும் தங்கள் பங்கை அவர் கணக்கில் போட்டுவிட வேண்டும், கடைசி நேரத்தில் வராதவர் தன் பங்கைத் திரும்பக் கேட்க மாட்டார் என்பதை இப்போதே வாட்ஸாப்பில் எழுதி எல்லோரும் சரி போட்டுவிட வேண்டும். நண்பர்களுக்குள் இப்படியா என்று தோன்றும். நண்பர்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

"ஆறு பேர் தங்கலாம்" என்பதையும் பிரித்துப் பாருங்கள். இரண்டு படுக்கையறை என்றால் நால்வருக்குக் கட்டில், மிச்ச இருவருக்குக் கூடத்தில் விரிக்கிற சோஃபா, பெரும்பாலும் அதுதான் கணக்கு. அந்த சோஃபாவில் யார் என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள், அல்லது அவர்களுக்குப் பங்கைக் குறையுங்கள். கார் நிறுத்த எத்தனை இடம் என்று கேளுங்கள், இப்படிப்பட்ட கட்டடங்களில் ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரு இடம் என்பது சகஜம், இரண்டு காரில் போனால் ஒன்று தெருவில் நிற்கும். சுத்தம் செய்யும் கட்டணம், சேதத்துக்கான முன்பணம், அது எத்தனை நாளில் திரும்பும், இவையெல்லாம் சேர்ந்த மொத்த விலையை எழுத்தில் வாங்குங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ உண்டா, தண்ணீர் நின்றால் தொட்டி உண்டா என்றும் கேளுங்கள், டர்பன் பக்கம் தண்ணீர் நின்றுபோவது புதிய விஷயம் இல்லை, ஆறு பேருக்கு ஒரு குளியலறை இருக்கும் வீட்டில் அது பெரிய விஷயம். உள்ளே நுழைந்ததும் பையை வைக்கும் முன் சுவர், கண்ணாடி, அடுப்பு, டிவி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உம்லாங்காவா, நகரக் கடற்கரையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உம்லாங்கா சுத்தமாக இருக்கும், மாலையில் நடைபாதையில் நிம்மதியாக நடக்கலாம், மவுண்ட் எட்ஜ்கோம்ப் பிள்ளையார் கோவிலும் பக்கம். ஆனால் உங்கள் ஆசை விக்டோரியா தெருச் சந்தை, பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய கறி), உஷாகா கடல் பூங்கா, இரவில் உணவகங்கள் நிறைந்த ஃப்ளோரிடா ரோடு என்றால் ஒவ்வொன்றுக்கும் நகரத்துக்குள் வந்து திரும்ப வேண்டும், ஆறு பேருக்கு ஒரு ஊபர் போதாது, இரண்டு கூப்பிட வேண்டும் அல்லது பெரிய வண்டி தேட வேண்டும். அந்தச் செலவைக் கூட்டினால் நகரத்துக்குள்ளேயே மார்னிங்சைட், க்ளென்வுட் பக்கம் உள்ள விருந்தினர் இல்லங்கள் மலிவாகிவிடும், காலை உணவும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். இரண்டு இரவுக்கு என் வாக்கு மார்னிங்சைடுக்குத்தான். கடலைப் பார்த்த பால்கனிக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம், பகல் முழுக்க வெளியே சுற்றப்போகிறவர்களுக்கு வீண்.

தேதியையும் பாருங்கள். ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம், அந்த வார இறுதியில் அறை விலையைப் பார்த்தால் தலை சுற்றும். ஈஸ்டர், டிசம்பர், பள்ளி விடுமுறை நாட்களிலும் நெரிசல்தான், மூன்று இரவுக்குக் குறைந்து தர மாட்டோம் என்றும் சொல்வார்கள்.

போய் இறங்கியபின் "அறை இல்லை, கூடுதலாகப் பதிவாகிவிட்டது" என்று சொன்னால், சும்மா மன்னிப்பை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். அதே சட்டத்தின் பிரிவு 47 படி கட்டிய பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும், அதனால் உங்களுக்கு நேரடியாக ஆன செலவையும் தர வேண்டும். அதே தரத்தில் வேறு இடம் ஏற்பாடு செய்து கொடுத்தால் அந்தப் பொறுப்பிலிருந்து அவர்கள் தப்பலாம், அதனால் காட்டும் இடம் உண்மையிலேயே அதே தரமா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். பேசித் தீரவில்லை என்றால் வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம், அதற்கு எழுத்து மூலமான ஆதாரம் வேண்டும், ஆகவே போனில் பேசியதைக்கூட உடனே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வைத்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, நாங்கள் லெனேசியாவிலிருந்து எட்டுப் பெண்கள் டர்பன் போகிறோம். சனிக்கிழமை இரவுக்கு ஒரு உணவகத்தில் மேசை கேட்டால் ஆளுக்கு இவ்வளவு என்று முன்பணம் கேட்கிறார்கள், இது சரிதானா? போன முறை வேறு ஊரில் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்ததைப் பார்க்காமல் மேலே டிப்ஸும் கொடுத்துவிட்டோம். புரட்டாசி வேறு, எங்களில் மூன்று பேர் விரதம்.

பதில்: முன்பணம் கேட்பது தப்பில்லை தங்கச்சி, எட்டு நாற்காலியைக் காலியாக வைத்துக் காத்திருந்து நீங்கள் வராவிட்டால் சனி இரவு அவர்களுக்கு நஷ்டம்தான். மேலே சொன்ன பிரிவு 17 மேசை முன்பதிவுக்கும் பொருந்தும். முன்பணம் பில்லில் கழிக்கப்படுமா, எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னால் திரும்பக் கிடைக்கும், எட்டில் இருவர் வராவிட்டால் அந்த இருவரின் பங்கு என்னாகும், இந்த மூன்றையும் வாட்ஸாப்பில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மேசைக்குச் சர்வீஸ் சார்ஜ் சேர்ப்பது இங்கே பரவலாக இருக்கிறது, எத்தனை பேரிலிருந்து என்பது இடத்துக்கு இடம் மாறும், பத்து சதவீதம் என்பதை அடிக்கடி பார்க்கலாம். மெனுவின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். உட்கார்ந்ததும் கேட்டுவிடுங்கள், கார்டு மெஷின் கைக்கு வந்து "டிப்ஸ் எவ்வளவு" என்று காட்டும் நேரத்தில் யாரும் பில்லைப் படிப்பதில்லை. சேர்க்கவில்லை என்றால் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொடுப்பது இந்த நாட்டு வழக்கம், அதைக் குறைக்காதீர்கள், பரிமாறுகிற பிள்ளைகள் பலருக்கு அதுதான் வருமானம். மெனு விலையில் 15 சதவீத வாட் ஏற்கெனவே உள்ளடங்கியிருக்க வேண்டும், பில்லில் அதைத் தனியாக மேலே கூட்டியிருந்தால் நிறுத்திக் கேளுங்கள். பில்லை எட்டாகப் பிரித்துத் தருவார்களா என்பதையும் ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். விரதம் இருக்கிறவர் ஒரு தாலும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு மற்றவர்களின் இறால் கறிக்குப் பங்கு கொடுப்பது அநியாயம், அவர் வாய் திறந்து சொல்லவும் மாட்டார், நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

புரட்டாசியில் டர்பன் போவது நல்ல நேரம்தான் என்பேன். அங்கே நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மாதம் விரதம் இருக்கிறவர்கள், அதனால் கடைக்காரர்களிடம் விளக்க வேண்டிய வேலை குறைவு. பீன்ஸ் பன்னி சவ் சாப்பிடலாம், மட்டன் இல்லாத குறையே தெரியாது, சூடாக அந்த ரொட்டிக்குள் ஊறிய கறி அப்படி. ஆனால் சிப்ஸ், சமோசா பொரிக்கும் எண்ணெய் தனியா என்று கேட்டுவிடுங்கள், பல இடங்களில் கோழி போட்ட எண்ணெய்தான். ஆளுக்கு ஒரு குவார்ட்டர், அதாவது கால் ரொட்டி பன்னி, போதும், மதியம் அதைச் சாப்பிட்டுவிட்டு இரவு ஏழு மணிக்குப் பெரிய உணவகத்தில் மேசை போடாதீர்கள், பசியே இருக்காது, கட்டிய முன்பணம்தான் உறுத்தும். பன்னியை வெள்ளிக்கிழமை வந்து இறங்கிய கையோடு வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை உணவகத்துக்கு. ஞாயிறு சில கடைகள் மூடியிருக்கும், போன் செய்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பிரிட்டோரியாவிலிருந்து நான்கு பேர், விமானமா காரா?

பதில்: நான்கு பேர் ஒரே கார் என்றால் பணக்கணக்கில் பெரும்பாலும் கார்தான் ஜெயிக்கும். ஆனால் ஜோகனஸ்பர்கிலிருந்தே 570 கிலோமீட்டர் அளவு, ஆறு மணி நேரம், அதற்கு மேல் உங்கள் ஊர் தூரம், வெள்ளி மாலை கிளம்பினால் லாரிகளோடு வான் ரீனன் கணவாயை இருட்டில் இறங்க வேண்டும். வெள்ளி மதியமே கிளம்ப முடியாவிட்டால், ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், விமானத்தைப் பாருங்கள். குளிர்காலத்திலும் அதை ஒட்டியும் வானிலையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள், 2024 செப்டம்பரில் பனி கொட்டி டர்பன் போகும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டு மக்கள் இரவெல்லாம் காரிலேயே மாட்டிக்கொண்டார்கள். டி ஹூக், வில்கே, டுகேலா, மூய் ரிவர், மரியன்ஹில் என்று ஐந்து சுங்கச்சாவடி, ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் கட்டணம் ஏறும், போக வர இரண்டு தடவை கணக்கில் சேருங்கள். பெட்ரோல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறுகிறது, கடலோரத்தில் லிட்டர் விலை நம் ஜோகனஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்தைவிடக் குறைவு, ஆகவே திரும்பும்போது டர்பனிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள்.

விமானம் என்றால் கிங் ஷாகா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர், அங்கே வாடகைக் கார் எடுக்க பெரும்பாலும் ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள், டெபிட் கார்டை மட்டும் நம்பிப் போனால் கவுண்டரில் நிற்க நேரிடலாம். விபத்தானால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு பிடிப்பார்கள் என்ற தொகையையும், கார்டில் எவ்வளவு முடக்கி வைப்பார்கள் என்பதையும் சாவி வாங்கும் முன்பே கேளுங்கள், அந்தப் பணம் முடங்கினால் சனி இரவு உணவகத்தில் கார்டு ஓடாது.