காணாக்கடிக்குப் புது மருந்து: ஆய்வில் சேரலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. 14 மாதமாக உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிக் கடிக்கிறது. இரவில்தான் கூட. சில நாள் உதடும் வீங்கும். தாங்க முடியாத நாளில் மட்டும் ஒரு பிரிற்றன் போடுவேன். கிரந்தி என்று இறால், கணவாய், சூரை, கத்தரிக்காய் எல்லாம் விட்டாயிற்று. ஒன்றும் குறையவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா, இதற்குப் புதுக் குளிசை வந்திருக்கிறது, இன்னும் ஆய்வுகள் நடக்கின்றன, சேர முடியுமா பார் என்கிறார். அம்மாவோ, "உன்னை எலி மாதிரி வைச்சுப் பார்க்கப் போறாங்களோ" என்று அழுகிறா. நான் என்ன செய்ய?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அன்புச் சகோதரி, 14 மாதம் இரவு நித்திரையைத் தின்ற வருத்தம் இது. "சாதாரண அலர்ஜிதானே" என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அண்ணா சொல்வது பொய்யில்லை. புது மருந்து வந்திருக்கிறது, ஆய்வுகளும் நடக்கின்றன. ஆனால் உங்கள் கடிதத்தின்படி பழைய மருந்தே உங்களுக்கு இன்னும் ஒழுங்காகக் கொடுத்துப் பார்க்கப்படவில்லை. அது முடியாமல் பெரும்பாலான ஆய்வுகளில் உங்களைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஆறு வாரத்துக்கு மேல் தடிப்போ வீக்கமோ வந்து வந்து போனால் அது நாட்பட்ட காணாக்கடி. வெளிக் காரணம் எதுவும் பிடிபடாமல் தானாக எழும்பும் வகைதான் அதில் அதிகம். தோலில் மாஸ்ட் கலங்கள் என்று சில இருக்கின்றன. கடியையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் நிறைந்த சிறு பைகளைச் சுமந்துகொண்டிருப்பவை அவை. பலருக்கு உடம்பின் சொந்தப் பிறபொருளெதிரிகளே அந்தக் கலங்களைத் தூண்டிவிடுகின்றன. பைகள் வெடிக்கின்றன, தோல் தடிக்கிறது, கடிக்கிறது. நீங்கள் கத்தரிக்காயை விட்டும் குறையாததன் காரணம் இதுதான். இந்த வகையில் உணவு காரணமாக இருப்பது மிக அரிது.

சூரையைப் பற்றி மட்டும் ஒரு சொல். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதன் சதையிலேயே பக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது அழியாது. அப்படிப்பட்ட மீனைச் சாப்பிட்ட ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து தடிப்பு எழும்பலாம், கூடச் சாப்பிட்டவர்களுக்கும் வரலாம். அது மீன் பழுதானதால் வருவது. உங்கள் 14 மாத வருத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நல்ல மீனைப் பயமில்லாமல் சாப்பிடுங்கள்.

இனி பிரிற்றன். அதிலுள்ள குளோர்பெனிரமின் பழைய தலைமுறை ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து. மூளைக்குள் போய்த் தூக்கத்தைத் தரும், அடுத்த நாள் காலையிலும் தலை மந்தமாக இருக்கும், ஸ்கூட்டி ஓட்டுவது ஆபத்து. அதைவிடப் பெரிய பிழை, கடிக்கும் நாளில் மட்டும் போடுவது. ஹிஸ்டமின், கலங்களில் அதற்கென உள்ள ஏற்பியில் வந்து ஒட்டிய பிறகு போடும் குளிசை பாதிதான் வேலை செய்யும். ஏற்பியை முன்கூட்டியே மூடி வைத்திருக்க வேண்டும். அதற்குத் தினமும், ஒரே நேரத்தில், கடி இல்லாத நாளிலும் போட வேண்டும்.

சர்வதேச வழிகாட்டி சொல்லும் வரிசை இது: இரண்டாம் தலைமுறை மருந்தில் ஒன்றைச் சாதாரண அளவில் தொடங்குவது. சிற்றிரிசின் 10 மி.கி., லோரற்றடின் 10 மி.கி., பெக்சோபெனடின் 180 மி.கி., பிலாஸ்டின் 20 மி.கி. என்பவை அந்த வகை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் போதாவிட்டால் அதே மருந்தை வைத்தியர் படிப்படியாக நான்கு மடங்கு வரை கூட்டலாம். நீங்களாகக் கூட்டாதீர்கள், சிறுநீரகக் குறைபாடு இருந்தால் சிற்றிரிசின் அளவே குறைய வேண்டும். பிலாஸ்டினைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னரோ இரண்டு மணி பின்னரோ வெறும் வயிற்றில் போடுங்கள். பெக்சோபெனடினைத் தோடம்பழச் சாற்றோடு விழுங்கினால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும், தண்ணீர்தான் நல்லது. "குளிசை சரிவரவில்லை" என்று வருபவர்களில் பலருக்குப் பிழைப்பது இந்தச் சின்ன விடயங்களில்தான்.

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை போட்டால் இரண்டு நாளில் அடங்கிவிடும், அது உண்மை. நிறுத்தினால் திரும்பி வரும், அதுவும் உண்மை. கடுமையாக எழும்பும்போது பத்து நாளுக்கு மேற்படாமல் வைத்தியர் கொடுப்பது வேறு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் போடுவது நீரிழிவையும் எலும்புத் தேய்வையும் விலைக்கு வாங்குவதாகும். கால்வலி, தலைவலிக்கு ஐபுப்ரோபன், டைக்ளோபெனக் போடும் பழக்கம் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்; ஒரு பகுதியினருக்கு இவை தடிப்பைக் கூட்டும். கன்னியா வெந்நீரில் குளித்தால் தோல் வருத்தம் போகும் என்று யாராவது கூட்டிப்போனால், தடிப்பு எழும்பி நிற்கும் நாட்களில் வேண்டாம். சூடு கடியை இன்னும் கூட்டும்.

இப்போது ஒரு கொப்பி எடுங்கள். தினமும் இரவு ஒரே நேரத்தில், கடந்த 24 மணித்தியாலத்தை நினைத்து இரண்டு எண் எழுதுங்கள். தடிப்புக்கு: இல்லை என்றால் 0, 20க்குக் குறைவு 1, 20 முதல் 50 வரை 2, 50க்கு மேலோ பெரிய திட்டாக ஒன்று சேர்ந்தோ இருந்தால் 3. கடிக்கு: இல்லை 0, இலேசு 1, தொந்தரவு ஆனால் பொறுக்கலாம் 2, வேலையையும் நித்திரையையும் கெடுக்கிறது 3. ஒரு நாளைக்கு உச்சம் 6, ஏழு நாளைக் கூட்டினால் உச்சம் 42. இதைத்தான் யூ.ஏ.எஸ்.7 என்கிறார்கள். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் நோய் கட்டுக்குள் இருக்கிறது, 16 முதல் 27 நடுத்தரம், 28 அல்லது அதற்கு மேல் கடுமை. உதடு வீங்கிய நாளைத் தனியாகக் குறியுங்கள், அது இந்த எண்ணுக்குள் வராது. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டு, அடுத்த நாள் அதே நேரம் பாருங்கள். சாதாரணக் காணாக்கடி 24 மணிக்குள் அந்த இடத்தை விட்டுப் போய்விடும். அங்கேயே நின்றால், நோவு இருந்தால், மறையும்போது கண்டல் நிறம் விட்டால், அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கொப்பியை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. காணாக்கடி மருந்து ஆய்வுகள் பெரும்பாலும் ஓடுவது இந்த எண்ணில்தான். குளிசையை ஒழுங்காகப் போட்டும் 16 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களைத்தான் பெரும்பாலான ஆய்வுகள் எடுக்கின்றன. தொடக்க வாரத்தில் ஒரு நாள் எழுத மறந்தாலே தகுதி போகக்கூடும்.

அண்ணா சொன்ன குளிசை பெரும்பாலும் ரெமிப்ருட்டினிப் ஆக இருக்கும். மாஸ்ட் கலத்துக்குள் பி.டி.கே என்ற நொதியத்தைத் தடுத்து, பை வெடிப்பதற்கான சமிக்ஞையை வழியிலேயே மறிக்கிறது. 25 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு முறை. 2025 செப்டெம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான மூன்றாம் கட்ட ஆய்வுகள் இரண்டிலும் மொத்தம் 925 பேர். முதல் ஆய்வின் 12 வாரக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். மருந்து எடுத்தவர்களின் எண் சராசரி 20 குறைந்தது. மருந்தே இல்லாத போலிக் குளிசை எடுத்தவர்களுக்கும் 13.8 குறைந்தது! முழுதாக 0க்கு வந்தவர்கள் மருந்தில் 31 வீதம், போலிக் குளிசையில் 10.5 வீதம்.

வெறும் மாக்குளிசையில் ஏன் 13.8 குறைய வேண்டும்? இந்த வருத்தம் ஏறி இறங்கும் இயல்புடையது. மனிதர் வைத்தியரைத் தேடுவது உச்சத்தில் இருக்கும்போது. அதன்பின் அது தானாகவே ஓரளவு இறங்கும். ஆய்வில் தினமும் கவனிப்பு கிடைக்கிறது, வழமையான ஹிஸ்டமின் எதிர்ப்புக் குளிசையையும் தவறாமல் போடுகிறார்கள். அப்படியானால் "இன்ன எண்ணெய் பூசினேன், இன்ன கசாயம் குடித்தேன், மாறிவிட்டது" என்று ஒருவர் மனதாரச் சொல்வதை வைத்து எதையும் நிறுவ முடியாது. போலிக் குளிசைக் குழு இருப்பது ஏமாற்றுவதற்கு அல்ல. மருந்தின் வேலையையும் நோயின் தானான இறக்கத்தையும் பிரித்தறிய வேறு நம்பகமான வழி இல்லை. அந்த 20க்கும் 13.8க்கும் இடையிலுள்ள 6 புள்ளிதான் மருந்தின் சராசரிப் பங்கு. நல்லதுதான், ஆனால் 12 வாரத்தில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது என்பதையும் அண்ணாவிடம் சொல்லுங்கள். தோலில் ஊசிமுனை அளவு இரத்தப் புள்ளிகள் சிலருக்கு வந்தன. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும், அறுவைச் சிகிச்சைக்கு முன் சில நாள் நிறுத்தவும் வேண்டும்.

அதற்கு முன்பே நிலைபெற்ற மருந்து ஒமலிசுமாப் ஊசி. 2014இல் காணாக்கடிக்கு அனுமதி பெற்றது, நான்கு வாரத்துக்கு ஒரு முறை 300 மி.கி. குளிசை நான்கு மடங்கிலும் போதாவிட்டால் வழிகாட்டியில் அடுத்த படி இதுதான். விலைதான் எங்களவர்களுக்குச் சுவர். டுபிலுமாப் ஊசி 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. ஆனால் ஒமலிசுமாப் பயன் தராதவர்களிடம் அதைப் பார்த்த ஆய்வு பலனில்லை என்று இடையில் நிறுத்தப்பட்டது. ஒமலிசுமாப்பை வெல்லும் என்று எதிர்பார்த்த லிகெலிசுமாப், 2,000க்கு மேற்பட்டோரிடம் சோதித்தும் அதைவிட மேலானதாகத் தெரியவில்லை. பென்ராலிசுமாப் என்ற ஊசி, ஈசினோபில் என்ற ஒருவகை வெள்ளைக் கலங்களை இரத்தத்திலிருந்து துடைத்தெடுத்தது, தடிப்போ குறையவில்லை. பார்சோல்வோலிமாப் என்ற ஊசி, மாஸ்ட் கலங்கள் உயிர்வாழத் தேவையான ஓர் ஏற்பியை மறித்து, அந்தக் கலங்களையே இல்லாமல் ஆக்குகிறது. இரண்டாம் கட்டத்தில் 12 வாரத்தில் பாதிப்பேர் வரை 0க்கு வந்தார்கள், சிலருக்குத் தலைமுடியின் நிறம் மாறியது. நிறக் கலங்களும் அதே ஏற்பியில் தங்கியிருப்பதுதான் காரணம். அதன் மூன்றாம் கட்ட ஆய்வுகள் 2024இல் தொடங்கின. தோற்ற மருந்துகளையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், ஆய்வில் இருக்கும் மருந்து எது என்பதும் எந்தக் கட்டம் என்பதும் முக்கியம் என்பதே. "புதிது" என்ற ஒரு சொல் போதாது.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். மூன்றாம் கட்டத்துக்கு வரும் மருந்தை அதற்கு முன் நூற்றுக்கணக்கான மனிதர் எடுத்திருப்பார்கள். முதல் கட்டத்தில் சிலருக்குக் கொடுத்துப் பாதுகாப்பையும், இரண்டாம் கட்டத்தில் சரியான அளவையும் பார்த்திருப்பார்கள். ஆனாலும் ஆய்வு என்பது சிகிச்சை அல்ல, விடை தெரியாத ஒரு கேள்வி. விடை தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை. இதை மறைத்து "கட்டாயம் சுகமாகும், இலவசம்" என்று யாராவது அழைத்தால் அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள். காசு கேட்டாலும் அப்படியே.

இலங்கையில் நடக்கும் ஆய்வுகளை இலங்கை மருத்துவச் சங்கத்தின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடலாம். பதிவு எண், அனுமதி கொடுத்த ஒழுக்கநெறிக் குழு, யாரைச் சேர்ப்பார்கள் என்பது எல்லாம் இருக்கும். புது மருந்து என்றால் தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அனுமதியும் வேண்டும். பதிவேட்டில் இல்லாத ஆய்வில் சேராதீர்கள். அண்ணா அனுப்பும் கனடா ஆய்வு பெரும்பாலும் அங்கே வசிப்பவர்களுக்கானது. அதற்காக விசாவுக்கு அலையாதீர்கள், நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வருடம் நேரில் போக வேண்டியிருக்கும். கொழும்பில் நடந்தால்கூட இரவுப் பயணம், லீவு, கூட வர ஒரு ஆள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். போக்குவரத்துச் செலவை அவர்கள் தருவார்களா என்று கேட்பதில் வெட்கமில்லை.

ஒப்பந்தப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். போலிக் குளிசைக் குழுவில் விழும் வாய்ப்பு எத்தனைக்கு எத்தனை, எத்தனை வாரத்துக்குப் பிறகு அவர்களுக்கும் மருந்து கிடைக்கும்? ரெமிப்ருட்டினிப் ஆய்வில் 24 வாரத்துக்குப் பிறகு எல்லாருக்கும் கொடுத்தார்கள். கடி தாங்க முடியாத நாளில் என்ன மருந்து போடலாம்? பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? கர்ப்பம் தரிக்க நினைத்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், பெரும்பாலான ஆய்வுகள் கருத்தடையைக் கட்டாயமாக்கும். ஆய்வு முடிந்த பின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பதைக் கடைசியாகக் கேட்காதீர்கள், முதலில் கேளுங்கள். நன்றாக வேலை செய்த மருந்து 52ஆம் வாரத்தில் கையைவிட்டுப் போவது பெரிய வேதனை. மனிதரிடம் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக ஒழுக்கநெறி ஆவணமான ஹெல்சிங்கி பிரகடனம் இந்த ஏற்பாட்டை ஆய்வு தொடங்கும் முன்னரே செய்யச் சொல்கிறது. எந்த நேரமும், காரணம் சொல்லாமலே, விலகலாம். உங்கள் கிளினிக் சிகிச்சை அதனால் நிற்கக் கூடாது.

இப்போதைக்கு இரண்டு வாரம் கொப்பி எழுதி, தடிப்பின் படங்களைத் திகதியோடு ஃபோனில் வைத்து, தோல் கிளினிக்குக்குப் போங்கள். முழு இரத்தப் பரிசோதனை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., முடிந்தால் ஒவ்வாமையோடு தொடர்புடைய பிறபொருளெதிரியான ஐ.ஜி.ஈ.யின் மொத்த அளவும் தைரொயிட் பிறபொருளெதிரியும் பார்ப்பார்கள். நீண்ட ஒவ்வாமைப் பட்டியல் பரிசோதனைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றி விழுந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

எப்போதாவது ஓர் ஆய்வுக்கு அழைப்பு வந்தால், அந்த விளக்கக் கூட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவ கேட்கும் கேள்விகளுக்கு அங்கே பொறுமையாகப் பதில் சொல்கிறார்களா என்று பாருங்கள்.