கடைசியில் தூவும் கொத்தமல்லி: வாசகர் கேள்விகள்

மருந்துக்கே சாகாத கிருமி காய்கறியில் இருக்கிறதாமே, சாம்பாரில் கொதித்தால் மட்டும் செத்துவிடுமா?
(வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

செத்துவிடும். ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் ஈ.கோலை என்ற குடல் கிருமிக்குச் சூட்டை எதிர்க்கும் சக்தி கிடையாது. 70 டிகிரியைத் தாண்டினால் மற்ற ஈ.கோலை போலத்தான் அதுவும் சாகும். சாம்பாரை இறக்கி வைத்த பிறகு மேலே தூவுகிறோமே பச்சைக் கொத்தமல்லி, என் கவலை அதில்தான். புதினாச் சட்னி, வெள்ளரிப் பச்சடியும் அப்படியே. மண் ஒட்டிய வேரை முதலில் நறுக்கி எறிந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். கிருமி குறையும், முழுக்கப் போகாது. உப்பு, மஞ்சள் தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள். வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால், கொதிக்கும்போதே கொத்தமல்லியைப் போட்டுவிடுங்கள். மணம் கொஞ்சம் குறையும், சரி.

நான் ரசாயனமே போடுவதில்லை. சாணக் கரைசலும் பஞ்சகவ்யமும்தான். என் கீரைக்கு இந்தப் பயம் தேவையில்லை அல்லவா?
(விவசாயி, பாகூர்)

கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, தேவைதான். பூச்சிமருந்து வேறு, கிருமி வேறு. மடிநோய் கண்ட மாட்டுக்கு ஊசி போட்டால், அந்த மருந்தில் ஒரு பகுதி சாணத்திலும் கோமியத்திலும் அப்படியே வெளியேறும். மருந்துக்குத் தப்பிய கிருமிகளும் கூடவே வரும். அவை தங்கள் எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றியும் கொடுக்கும். கோழி எருவில் இன்னும் கவனம் வேண்டும். மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019-ல்தான் அரசு தடை விதித்தது.

எருவை நன்றாக மக்க வையுங்கள். குவியலின் உள்ளே 55 டிகிரிச் சூடு குறைந்தது பதினைந்து நாளாவது நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டியும் விட வேண்டும். கை வைத்தால் சுடாத குவியல் வெறும் சாணம்தான். மண்ணைத் தொட்டு வளரும் பயிருக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி விட வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நம் சிறுகீரை ஒரு மாதத்தில் சந்தைக்கு வந்துவிடுகிறதே! ஆகப் பச்சை எரு கீரைக்கு எந்தக் கணக்கிலும் ஒத்துவராது. கரைசலை இலைமேல் தெளிப்பதையும் நிறுத்திவிடுங்கள். நெல்லுக்கு முன் ஆட்டுக்கிடை போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சோற்றை வேகவைத்துத்தானே சாப்பிடுகிறோம்.

ஃபெஞ்சல் புயல் சமயத்தில் போல வெள்ளத்தில் முங்கிய கீரையைக் கழுவி விற்கலாமா?
(கடலூர்)

வேண்டாம். அது சாக்கடையும் கலந்த தண்ணீர். மடக்கி உழுதுவிடுங்கள்.

முளைகட்டிய பயறு, வெந்தயத்தைப் பச்சையாகச் சாப்பிடுகிறேன். நல்லதுதானே?
(முத்தியால்பேட்டை)

ஆவியில் வேகவைத்தால் நல்லது. விதை முளைக்கும் ஈரமும் கதகதப்பும் கிருமி பெருகவும் தோதானவை. 2011-ல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் பலிகொண்ட ஈ.கோலை, வெந்தய முளை வழியாகப் பரவியதாகத்தான் விசாரணை காட்டியது. பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத ரகம் அது.

சாலட் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு. முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாட்டிக் போடலாமா?
(புதுச்சேரி)

போடாதீர்கள். குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் சாகும், மருந்துக்கு அடங்காதவை அந்த இடத்தைப் பிடிக்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். ரத்தம் போனாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். போன தடவை மிச்சம் வைத்த மாத்திரை அட்டையை அலமாரியில் தேட வேண்டாம்.