சாரல் காலத்தில் பெரிய பட்டாசலுக்கு (கூடத்துக்கு) எந்த ஹீட்டர் வாங்கலாம்?

செங்கோட்டையில் பழைய ஓட்டு வீடு, 20க்கு 15 அடி பட்டாசல், ஆடிச் சாரலில் ஆச்சிக்குக் குளிர் தாங்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த அறை முழுவதையும் சூடாக்க நினைக்காதீர்கள். சூடான காற்று மேலே ஏறி ஓட்டு இடுக்கு வழியாகப் போய்விடும். ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர் இரண்டுமே அங்கே எடுபடாது. வெயில் மாதிரி நேராக உடம்பில் படுகிற குவார்ட்ஸ் ஹீட்டர்தான் சரி. ஆச்சி உட்காரும் இடத்திலிருந்து மூன்றடி தள்ளி, கால் பக்கம் பார்த்து வையுங்கள். சேலைத் தலைப்பு, போர்வை எதுவும் கிட்டே போகக் கூடாது. சாய்ந்தால் தானாக அணைகிறதா என்று கடையிலேயே சாய்த்துப் பாருங்கள். ராத்திரி மட்டும் மச்சு போட்ட சின்ன அறையில் படுக்க வைக்க முடிந்தால், அங்கே ஆயில் ஹீட்டர் நல்லது.

அப்புறம் வயரிங். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மணிக்கு 2 யூனிட். எங்கள் வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியதில், ஒரே ராத்திரியில் பிளக் துளை பழுப்பேறி இளகிவிட்டது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் போட்டுவிட்டு வாங்குங்கள்.

கங்குச் சட்டியை மட்டும் மூடிய அறையில் வைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.