கடலுக்குள் வெளிச்சம் எதுவரை போகும்?

கேள்வி: 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சமே கிடையாது என்று படித்தேன். கோடு போட்ட மாதிரி அங்கே இருட்டிவிடுமா?

கோடெல்லாம் கிடையாது. 200 மீட்டர், 1000 மீட்டர் என்பதெல்லாம் நம் வசதிக்காகப் பிரித்துக்கொண்டவை. தண்ணீரில் ஒளி குறைவது கழித்தல் கணக்கு இல்லை, வகுத்தல் கணக்கு. நிறையப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். தெளிந்த நடுக்கடலில் 100 மீட்டர் ஆழத்தில் நூறில் ஒரு பங்கு வெளிச்சம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த 100 மீட்டர் அந்த ஒரு பங்கையும் நூறாக வகுத்துவிடும், ஆக 200-இல் பத்தாயிரத்தில் ஒன்று, 300-இல் பத்து லட்சத்தில் ஒன்று. பூஜ்யம் வரவே வராது. ஆனால் பாசிகள் உணவு தயாரிக்க அது போதாது, 200 என்ற எண் முக்கியமானது அதனால்தான். அதற்கும் கீழே சுமார் 1000 மீட்டர் வரை, கூர்மையான கண்ணுள்ள மீனுக்கு மங்கலாக ஏதோ தெரியும். அதன்பிறகு மேலே பகலா இரவா என்பதே தெரியாது.

கேள்வி: டைவிங் போனபோது விரலில் கீறல் பட்டு, ரத்தம் பச்சையாகத் தெரிந்தது. கண்ணில் கோளாறா?

கண் நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். சிவப்பு ஒளியைத் தண்ணீர் சீக்கிரமே விழுங்கிவிடும். முதல் 10 மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி காலி. அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகப் போய், தெளிந்த கடலில் கடைசிவரை தாக்குப்பிடிப்பது நீலம். ரத்தத்தில் பட்டுத் திரும்ப அங்கே சிவப்பு ஒளியே இல்லை என்றால் ரத்தம் எப்படிச் சிவக்கும்? ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள், உடனே சிவப்பு வந்துவிடும். ஆழ்கடல் இறால்கள் பல செக்கச்செவேல் என்று இருப்பதும் இதனால்தான், அங்கே சிவப்பு என்றால் கறுப்பு, மறைந்துகொள்ள நல்ல வேஷம். இதையும் ஏமாற்ற ஒரு வகை டிராகன் மீன் இருக்கிறது: கண்ணுக்குக் கீழே சொந்தமாகச் சிவப்பு விளக்கு, அந்த ஒளியைப் பார்க்கும் கண்ணும் அதற்கு உண்டு. இரைக்கு எதுவுமே தெரியாது. எனக்கு மிகப் பிடித்த திருட்டுத்தனம் இது.

கேள்வி: கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதானே?

கொஞ்சம்தான். முக்கியக் காரணம் மேலே சொன்னதே, சிவப்பைத் தண்ணீர் தின்றுவிடுகிறது, சிதறி நம் கண்ணுக்குத் திரும்பி வருவது நீலம்.

கேள்வி: கரையோரத்தில் சில மீட்டர் இறங்கினாலே நீட்டிய கை தெரிவதில்லை. உங்கள் 200 மீட்டர் எங்கே போயிற்று?

அது நடுக்கடல் கணக்கு. கரையோரத்தில் வண்டல், மிதக்கும் நுண்பாசி, ஆறுகள் கொண்டுவரும் மட்கிய இலைச்சாறு எல்லாம் கலந்திருக்கும். அந்தச் சாறு நீலத்தையே தின்னும் என்பதால் அங்கே பச்சைதான் ஆழம் வரை போகும். 1865-இல் இத்தாலிய வானியலாளரான ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார், வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்தார். இன்றும் அந்தத் தட்டு புழக்கத்தில் இருக்கிறது, பேட்டரி தேவையில்லாத கருவி.

கேள்வி: இவ்வளவு மங்கலான இடத்தில் சில மீன்களுக்கு வயிற்றில் விளக்கு எதற்கு?

வெளிச்சத்துக்கு இல்லை, மறைந்துகொள்ள. கீழிருந்து பார்க்கும் எதிரிக்கு, மேலிருந்து வரும் மங்கல் நீலத்தில் மீன் நிழலாகத் தெரியும். வயிறும் அதே அளவு நீலமாக ஒளிர்ந்தால் நிழல் காணாமல் போய்விடும். மேலிருந்து வரும் ஒளி குறைந்தால் இவையும் விளக்கைக் குறைத்துக்கொள்ளும்.