பெருச்சாளியைக் கொல்லாமல் கொல்லையை விட்டு அனுப்புவது எப்படி?

கேள்வி: திருச்சிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் கொல்லை இருக்கிறது. மரவள்ளி, சேம்பு, நான்கு வாழை, போன வருடம் வைத்த இரண்டு தென்னங்கன்று. இரண்டு மாதமாக ராத்திரியில் ஏதோ வந்து தோண்டுகிறது. மதிலோரம் ஆறு பொந்து. யூடியூபில் பார்த்து விளக்கெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி ஊற்றினேன். அதிர்வு கொடுக்கும் சோலார் குச்சி இரண்டு வாங்கி நட்டேன். ஒரு வாரம் சும்மா இருந்தது. பிறகு குச்சிக்குப் பக்கத்திலேயே தோண்டியிருக்கிறது. வீட்டில் பூனை வளர்க்கிறோம், விஷம் வைக்க மனம் வரவில்லை. கொல்லாமல் விரட்ட வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் செய்த இரண்டு வைத்தியமும் பலிக்காததற்குக் காரணம், அவை வேறொரு பிராணிக்கானவை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புல்தரையைக் குடைந்து மேடு மேடாக மண்ணைத் தள்ளும் அகழெலிக்குச் சொல்கிற யோசனைகள் அவை. அகழெலி மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்புழுவையும் பூச்சிப் புழுக்களையும் தின்பது. அது இரை தேடும் மண்ணிலேயே விளக்கெண்ணெய் இறங்கினால் வேறு பக்கம் நகர வாய்ப்பிருக்கிறது. இந்தியாவில் அகழெலி இமயமலைப் பக்கமும் வடகிழக்கிலும்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிடையாது.

நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால் உங்களுக்கு வந்திருப்பது பெருச்சாளி. அது பொந்தில் படுக்கும், குட்டி போடும்; சாப்பாட்டுக்கு இரவில் வெளியே நடந்துதான் வர வேண்டும். படுக்கிற இடத்தை நாற அடித்தால் நாலடி தள்ளி இன்னொரு பொந்து போடும். சாப்பாடு நின்றுபோனால்தான் இடத்தைக் காலி செய்யும். ஆகவே வேலையின் வரிசை முக்கியம்: முதலில் தீனி, பிறகு மறைவு, பிறகு பொந்து, கடைசியாகக் கம்பி வலை. பெரும்பாலானவர்கள் பொந்தை அடைப்பதில் ஆரம்பிக்கிறார்கள். மறுநாளே அது திறந்து கிடக்கும்.

வந்திருப்பது யார்?

வளையின் வாயைப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்குத் திறந்து, மதிலின் அடியிலோ குப்பைக்குழியின் ஓரத்திலோ இருந்தால் பெருச்சாளி. வளர்ந்தது ஒரு கிலோவைத் தாண்டுவதும் உண்டு. மிரண்டால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பன்றிபோல் உறுமும். வாய் அதைவிடச் சிறியதாக, புது மண்ணால் உள்ளிருந்தே அடைத்தபடி, பக்கத்தில் மண்குவியலோடு இருந்தால் அது வரப்பெலி. கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டு ஓடும் நீண்ட மூக்குக்காரர் மூஞ்சூறு. அது உங்கள் கிழங்கைத் தொடாது; கரப்பான்பூச்சியையும் புழுக்களையும் தின்று உபகாரமே செய்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

ஆறு பொந்து என்றதும் ஆறு பெருச்சாளி என்று பயப்பட வேண்டாம். ஒரே வளைக்கு மூன்று நான்கு வாய் இருக்கும். ‘எலி வளையானாலும் தனி வளை’ என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. வரப்பெலியில் பெரும்பாலும் ஒரு வளைக்கு வளர்ந்தது ஒன்றுதான் இருக்கும்.

எந்த வாய் புழக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். மாலையில் ஆறு வாயிலும் பழைய செய்தித்தாளைக் கசக்கித் தளர்வாக அடையுங்கள். வாய்க்கு முன்னால் சலித்த மணலையோ அடுப்புச் சாம்பலையோ ஓரடி அகலத்துக்கு மெல்லப் பரப்புங்கள். கோலமாவு வேண்டாம், அதையே தின்றுவிடும். காலையில் தாள் வெளியே தள்ளப்பட்டு, புது மண் வாசலுக்கு வெளியே விசிறிக் கிடந்தால் ஆள் உள்ளிருந்து வந்திருக்கிறது. தாள் உள்ளே இழுபட்டிருந்தால் வெளியிலிருந்து வந்திருக்கிறது: அதன் இருப்பிடம் வேறெங்கோ, பெரும்பாலும் தெருச் சாக்கடையில். சாம்பலில் பின்னங்கால் தடம் சுமார் 5 சென்டிமீட்டர் நீளம் பதிந்திருந்தால் பெருச்சாளி என்பது உறுதி. மூன்று இரவு தொடர்ந்து பாருங்கள். திறக்காத வாய்களை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: எந்தப் பொந்திலும் கையை விடாதீர்கள். எலி வளையில் நாகமும் சாரையும் தங்கும்.

தீனி எங்கிருந்து கிடைக்கிறது?

கிழங்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுத் தோட்டங்களுக்குப் பெருச்சாளியை அழைத்து வருவது பல நேரம் உரம்தான். கடலைப் பிண்ணாக்கை வேரடியில் புதைத்தால் அந்த வாசனைக்கே அன்று ராத்திரி தோண்டும். எலும்புத்தூளும் மீன் கழிவும் அப்படித்தான். செடியைப் பிடுங்கிப் போட்டிருக்கும், வேரில் ஒரு கடியும் இருக்காது. அது தேடியது பிண்ணாக்கை. பிண்ணாக்கு வேண்டுமானால் 1 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துக் காலையில் ஊற்றுங்கள். மாலைக்குள் மண் இழுத்துக்கொள்ளும். அடியில் தங்கும் கசடைக் கொல்லையில் கொட்டாமல் மூடிய மக்குத் தொட்டியில் போடுங்கள். மீன் அமிலத்தை மண்ணில் ஊற்றாமல் இலைவழித் தெளிப்பாகக் கொடுங்கள். வேப்பம்பிண்ணாக்கில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது மக்குக் குழி. சோறும் மீன்முள்ளும் விழுகிற திறந்த குழி பெருச்சாளிக்கு அன்னச்சத்திரம். குழியின் ஓரமே குடியிருப்பும் ஆகிவிடும். அதை மூடிவிட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்முக்கு மாறுங்கள். டிரம்மைச் செங்கல் அடுக்கி ஓரடி உயரத்தில் வைத்து, அடியிலுள்ள காற்றுத் துளைகளுக்கு அரை இஞ்ச் கம்பி வலை பொருத்துங்கள்.

பூனைக்கு வைக்கும் சோற்றுத் தட்டு ராத்திரி வெளியே இருக்கக் கூடாது. வளர்ந்த பெருச்சாளியோடு பூனை மோதாது. தட்டை அதற்கு விட்டுக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். விழுந்த கொய்யா, சப்போட்டா, குரும்பை எல்லாவற்றையும் இருட்டுவதற்குள் பொறுக்கிவிடுங்கள்.

மரவள்ளியைத் தேவைப்படும்போது பிடுங்கிக்கொள்ளலாம் என்று மண்ணிலேயே விட்டுவைப்பது நம் வழக்கம். பெருச்சாளி இருக்கும்வரை அது ஆகாது. முற்றியதும் மொத்தமாகப் பிடுங்குங்கள். சேம்பை இந்த முறை சாக்கில் வையுங்கள். தரையில்தான் வேண்டுமென்றால் பாத்தியை ஓரடி தோண்டி, அடியிலும் நான்கு பக்கமும் வலை விரித்துப் பெட்டிபோல் ஆக்கிப் பிறகு மண்ணை நிரப்புங்கள்.

தீனி நின்றதும் ஒரே நாளில் பலன் தெரியாது. முதல் வாரம் தோண்டல் கூடக் கூடும். பசியில் தேடுகிறது என்று அர்த்தம், பின்வாங்காதீர்கள்.

மறைவு

பெருச்சாளி திறந்தவெளியைக் கடக்க அஞ்சும். சுவரை ஒட்டியே ஓடும். மதிலை ஒட்டி 2 அடி அகலத்துக்குப் புல், சருகு, ஓட்டுக் குவியல், பழைய பலகை எதுவும் இல்லாமல் வெட்டவெளியாக வையுங்கள். விறகு அடுக்கை ஓரடி தூக்கி வையுங்கள்.

பொந்தை அடைப்பது

தீனியை நிறுத்திப் பத்து நாள் கழித்துத் தாள் சோதனையை மறுபடி செய்யுங்கள். திறக்காத வாய்களை உடனே அடைக்கலாம். வெறும் மண்ணைப் போட்டு மிதித்தால் நிற்காது. கடப்பாரையால் வாயை அகலப்படுத்தி, 20 மி.மீ. ஜல்லியை முழங்கை ஆழத்துக்குப் போட்டு இடித்து, மேலே மண் நிரப்புங்கள். மறுபடி தோண்டினால் ஜல்லி சரிந்து சரிந்து விழும், சுரங்கம் நிற்காது. கண்ணாடிச் சில்லு போடும் பழக்கம் பல ஊரில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். அது பிராணியின் காலைக் கிழிக்கும், நாளைக்கு உங்கள் கையையும் கிழிக்கும்.

திறக்கிற வாய்க்குப் பக்கத்தில் காது கொடுத்து நில்லுங்கள். மெல்லிய கீச்சொலி வந்தாலோ, சருகும் துணிக்கிழிசலும் உள்ளே இழுபட்டிருந்தாலோ குட்டி இருக்கிறது. அப்போது அடைத்தால் குட்டிகள் உள்ளே பட்டினியில் சாகும். தாய் வெறியோடு வேறு பக்கம் குடைந்து உள்ளே போகப் பார்க்கும். ஒரு மாதம் பொறுங்கள், அதற்குள் குட்டிகள் தாமே வெளியே வரத் தொடங்கும். தீனிக் கட்டுப்பாட்டை மட்டும் தளர்த்தாதீர்கள்.

குட்டி இல்லை என்று உறுதியானால் ஒருவழிக் கதவு வைக்கலாம். 6 இஞ்ச் பி.வி.சி. குழாய் 2 அடி எடுத்து ஒரு முனையை வளையின் வாயில் செருகுங்கள். வெளி முனையில், குழாய் வாயைவிட அரை இஞ்ச் பெரிதாக வெட்டிய வலைத் துண்டை மேல்விளிம்பில் மட்டும் கட்டுக்கம்பியால் தொங்கவிடுங்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் விளிம்பில் முட்டி நிற்கும். குழாயைச் சுற்றி ஓரடிக்கு வலையைத் தரையில் விரித்து ஆணி அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்திலேயே தோண்டி உள்ளே போய்விடும். மற்ற வாய்கள் எல்லாம் அடைபட்டிருக்க வேண்டும். ஐந்து இரவு விட்டு, சாம்பலில் புதுத் தடம் இல்லையென்றால் குழாயை எடுத்துவிட்டு ஜல்லி போட்டு மூடுங்கள்.

தண்ணீரை ஊற்றி நிரப்புவதும் புகை போடுவதும் உள்ளே இருப்பதை மூச்சுமுட்டக் கொல்லும் வேலை. அதோடு மதிலின் அஸ்திவாரத்து மண்ணும் கரையும்.

வலை

திரும்பி வராமல் தடுப்பது இதுதான், பணமும் இதற்குத்தான் ஆகும். கோழிவலை வாங்காதீர்கள், கம்பி மெல்லியது, கடித்துக் கிழித்துவிடும், கண் வழியாகக் குட்டி நுழையும். அரை இஞ்ச் சதுரக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பி வலை), 3 அடி அகலச் சுருள் கேளுங்கள்.

மதிலின் உட்புறம் அரை அடி ஆழத்துக்கு மண்ணை வழித்தெடுங்கள். வலையில் அரை அடியை மதிலோடு மேல்நோக்கி மடித்து ஆணியால் பிடிக்கவைத்து, மீதி இரண்டரை அடியைக் கொல்லைப் பக்கமாகத் தரையில் படுக்கவைத்து மண்ணை மூடுங்கள். உள்ளே நிற்கும் பெருச்சாளி சுவரடியைச் சுரண்டும்போது பல்லில் கம்பி படும். இரண்டரை அடி பின்னால் போய் அங்கிருந்து சாய்வாகக் குடைய அதற்குத் தோன்றுவது அபூர்வம். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அஸ்திவாரத்தடியில் வருவதும் இந்த வலையில் முட்டி நிற்கும். வலைத் துண்டுகள் சேரும் இடத்தில் அரை அடி மேலேறி இருக்கட்டும். இடைவெளி விடுகிற இடமே வழியாகிவிடும். வெட்டிய முனைகளில் தார் பூசுங்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

தென்னங்கன்றுக்கு 7 அடி நீளம் வெட்டி வளைத்தால் 2 அடி விட்டத்தில் கூண்டு வரும். 3 அடி உயரத்தில் பாதி மண்ணுக்குள், பாதி வெளியே இருக்கட்டும்.

மழைநீர்க் குழாய் சாக்கடையில் சேரும் வாய்க்குத் துளைத்தகடும், கழிவுநீர்த் தொட்டியின் உடைந்த மூடிக்குப் புது மூடியும் போடுங்கள். இந்த இரண்டையும் மறந்துவிட்டு மதில் முழுக்க வலை போட்டவர்கள் பலர்.

பொறி, விஷம், அதிர்வுக் குச்சி

கூண்டுப் பொறியில் பிடித்து ஏரிக்கரையில் விடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தெரியாத இடத்தில் விடப்பட்டது பிழைப்பது கடினம், அல்லது அடுத்தவர் கொல்லைக்குப் போகும். பால் கொடுக்கும் தாய் சிக்கினால் குட்டிகள் இங்கே சாகும். பசை அட்டை இன்னும் மோசம்: தோல் உரிய உரிய மணிக்கணக்கில் துடித்துச் சாகும். விலங்கு நல வாரியமே அதைக் கூடாது என்கிறது.

எலிமருந்தை நீங்கள் தவிர்த்தது சரி. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்தைத் தின்ற எலி சில நாள் கழித்துத்தான் சாகும். அதற்குள் உங்கள் பூனையோ கூகையோ அதைத் தின்றால் அதற்கும் விஷம் ஏறும். செல்பாஸ் வகை மாத்திரையை வளையில் போட யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரம் பட்டதும் அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறி ஆட்களைக் கொல்லும். அந்துருண்டை, பினாயில், மண்ணெண்ணெய் மண்ணைக் கெடுக்கும். கிணறு பக்கத்தில் இருந்தால் தண்ணீரையும் கெடுக்கும். மீயொலிக் கருவியின் ஒலி மண்ணையும் செடியையும் ஊடுருவாது. அதிர்வுக் குச்சிக்கு எலி ஒரு வாரத்தில் பழகிவிடும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

எப்போது செய்வது, எதைப் போட்டுக்கொண்டு செய்வது

ஐப்பசியில் மழை பிடித்ததும் சாக்கடையும் தாழ்ந்த வளைகளும் நிரம்பி, பெருச்சாளிகள் மேட்டைத் தேடி வீட்டு அடித்தளத்துக்கு வரும். ஆகவே வலை வேலையைப் புரட்டாசிக்குள் முடியுங்கள். மண் வேலையின்போது ரப்பர் கையுறையும் கம்பூட்ஸும் கட்டாயம். எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீர் வழியாக ஈரமண்ணில் இருக்கும். சிறு கீறல் போதும், உடம்பில் ஏறிவிடும். வேலை செய்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வளை தோண்டியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் மதிலோரத்து வெட்டவெளியில் மாதம் ஒருமுறை சாம்பல் தூவிப் பாருங்கள். காலித் தோட்டத்துக்குப் புதிதாக ஒன்று வந்து பார்ப்பது இயல்பு. ஒற்றைத் தடம் வந்து திரும்பிப் போயிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து வந்தால் பொந்தைத் தேடுவதற்கு முன்னால், பூனைத் தட்டு ராத்திரி எங்கே இருந்தது என்று பாருங்கள்.