சிமெண்டு இடுக்கில் முளைக்கும் தடித்த இலைக் களை பருப்புக்கீரைதானா? எப்படிச் சமைப்பது?

கோலாலம்பூரில் வீட்டு வாசல் சிமெண்டு இடுக்கிலும் பூந்தொட்டியிலும் சிவந்த தண்டோடு படர்கிற செடி என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பருப்புக்கீரைதான். மலாய்க்காரர்கள் கெலாங் பாசிர் என்பார்கள்.

சமைக்கும் முன் ஒரு தண்டைக் கட்டாயம் ஒடித்துப் பாருங்கள். பருப்புக்கீரையில் நிறமில்லாத தண்ணீர்தான் கசியும். பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி வகைச் செடி, தூக்கிப் போடுங்கள். அதன் தண்டு நூல் போல மெலிந்திருக்கும், இலையும் மெல்லியது. பருப்புக்கீரைத் தண்டு வழவழப்பாக, சதைப்பிடிப்போடு இருக்கும். இலை குட்டிக் கரண்டி வடிவம். நுனியில் கொத்தாக நிற்கும். வெயில் ஏறியதும் சின்ன மஞ்சள் பூ விரியும்.

எங்கே பறிக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாக்கடை ஓரம் வேண்டாம், எலி நடமாடும் இடம். அடுக்குமாடிப் புல்தரையும் வேண்டாம். களைக்கொல்லி அடித்த செடி அன்றே வாடிவிடாது, சில நாள் பச்சையாகவே நிற்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாணளவு தண்டு ஒன்றை உங்கள் தொட்டி மண்ணில் செருகிவிட்டால் ஒரு வாரத்தில் வேர் பிடித்துவிடும். அதிலிருந்து பறிப்பதுதான் நிம்மதி.

வெயிலில் தண்ணீருக்கு ஏங்கிய செடி இரவில் மாலிக் அமிலத்தைச் சேர்த்து வைக்கும். ஆகவே விடிகாலையில் பறித்தால் புளிப்புத் தூக்கலாக இருக்கும், சாயங்காலம் பறித்தால் குறையும். கூட்டுக்குச் சாயங்காலக் கீரை, தயிர்ப் பச்சடிக்குக் காலைக் கீரை என்பது என் கணக்கு. பூத்துக் காய்த்த நுனிகளைக் கிள்ளி எறியுங்கள். உள்ளே மணல் போலக் கறுப்பு விதை இருக்கும், பல்லில் நறநறக்கும். இலை இடுக்கில் மண் தங்கும் என்பதால் மூன்று தண்ணீர் அலசினால்தான் சரி.

கூட்டுக்கு அரை கப் துவரம்பருப்பு, நறுக்கிய கீரை இரண்டு கப். பருப்போடு கீரையையும் குக்கரில் போட்டு விசில் விடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. கீரையின் புளிப்பு பருப்பை வேகவிடாது, கீரையோ கரைந்து கொழகொழவென்று ஆகிவிடும். பருப்பை மஞ்சள்தூளோடு தனியே மலர வேகவைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு நாலு பல், பச்சைமிளகாய் இரண்டு வதக்கி, கீரையைப் போட்டு மூடாமல் ஐந்து நிமிடம். தண்ணீர் ஊற்றவே வேண்டாம், அதுவே விடும். பிறகு பருப்பு, உப்பு, கடைசியில் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய் தாளிப்பு. புளி சேர்த்தால் கெட்டுவிடும். பருப்பு இல்லாத நாளில், பொரித்த நெத்திலி ஒரு கைப்பிடி போட்டுப் பெரிய தீயில் மூன்று நிமிடம் பிரட்டினாலே சோற்றுக்குப் போதும்.

இந்தக் கீரையில் ஆக்ஸலேட் அதிகம், கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாகக்கூடிய பொருள் அது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களும் தினம் சாப்பிட வேண்டாம், வாரம் ஒன்றிரண்டு முறை போதும். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு அந்த நீரைக் கொட்டினால் ஆக்ஸலேட் கொஞ்சம் குறையும். தயிரோடு சாப்பிட்டால் அதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர்வது குறையும்.

பறிக்கும்போது வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு விரல்கடை விட்டு நுனியை மட்டும் கிள்ளுங்கள், மறுபடி துளிர்க்கும்.