துருப்பிடித்த தகரம், வெறும் அட்டையில்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய மில் கொட்டகையின் சுவர் ஒன்றை அட்டையில் செய்து, போன வாரம் படம் போட்டிருந்தேன். ஒன்றரை அடி உயரம், ஒரு அடி அகலம். தகர ஷீட், குறுக்கே ஒரு பைப், மூலையில் வெளிறிப்போன அபாயப் பலகை. பைப்பின் இணைப்பில் இருக்கும் நட்டும் வாஷரும் மட்டும் நிஜ இரும்பு. மற்றதெல்லாம் அட்டையும் காகிதமும்தான். அதையொட்டி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, தகரத்தின் நெளிவு எப்படி வந்தது? மோல்டு ஏதாவது வாங்கணுமா?

ஒன்றும் வாங்க வேண்டாம். மளிகைக் கடை அட்டைப் பெட்டி போதும். அதில் மூன்று அடுக்கு உண்டு: மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், நடுவில் நெளிவு. மேல் தாளை ஈரத்துணியால் ஒற்றி, இரண்டு நிமிடம் விட்டு, மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். அங்கங்கே தாள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சுரண்டி எடுக்காதீர்கள். பெயின்ட் அடித்ததும் அந்த இடம்தான் செதில் விட்ட துருவாகத் தெரியும்.

ஆணி, போல்ட்டுக்கு அரை முத்து ஒட்டினேன். பொம்மை மாதிரி இருக்கிறது. ஏன்?

அளவுதான் காரணம். நிஜக் கூரைத் தகரத்தில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் சுமார் 3 அங்குலம். அட்டைப் பெட்டியில் அது 7, 8 மில்லிமீட்டர். அதாவது நீங்கள் செய்வது பத்தில் ஒரு பங்கு அளவு. அப்படியானால் போல்ட்டின் தலை 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஊசி முனையால் ஃபெவிகால் சொட்டு வைத்துக் காயவிட்டாலே போதும். சொட்டை மேட்டின் மீது வையுங்கள், பள்ளத்தில் வேண்டாம். பள்ளத்தில் தண்ணீர் ஓடும் என்பதால் கூரை வேய்கிறவர்கள் மேட்டில்தான் துளை போடுவார்கள்.

பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) எல்லாம் வாங்கி அடித்துவிட்டேன். துரு மாதிரி இல்லை, சாக்லேட் பூசின மாதிரி இருக்கிறது மேடம்.

அதிகம் பேர் கேட்டது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிறத்தில் தப்பில்லை. துரு எங்கே வரும் என்று பார்க்காமல் முழுக்கப் பூசியதுதான் பிரச்சினை.

உங்கள் ஊரில் ஏதாவது தகரக் கொட்டகைப் பக்கம் போய் நின்று பாருங்கள். சென்னை என்றால் புதுப்பேட்டை, மற்ற ஊர்களில் எந்தக் காயலான் கடையும் சரி. ஷீட்டில் பெரும்பகுதி இன்னும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், ஏனென்றால் மேலே துத்தநாகப் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு முதலில் விட்டுப்போவது வெட்டிய ஓரத்தில், ஆணி அடித்த துளையில், ஒரு ஷீட் இன்னொன்றின் மேல் ஏறி ஈரம் தங்கும் இடத்தில். துரு அங்கே பிறக்கிறது. பிறகு மழைத் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு நேராகக் கீழே இழுக்கிறது. ஆகவே பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்னால் பென்சிலால் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: மேல்பக்கம் எது, தண்ணீர் எங்கே தங்கும், எந்த வழியாக இறங்கும். இது முடிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் நிறம். முழுப் பலகைக்கும் சாம்பல். அது காய்ந்ததும், குறித்த இடங்களில் மட்டும் பர்ன்ட் அம்பரை ஸ்பாஞ்ச் துண்டால் ஒற்றுங்கள், தேய்க்கக் கூடாது. அதன் விளிம்பில் பர்ன்ட் சியன்னா. வெளி ஓரத்தில் ஆரஞ்சு, துளிதான். பழைய துரு கருத்திருக்கும், புதுத் துரு பளிச்சென்று இருக்கும். அதனால் கருத்த அம்பர் நடுவிலும் ஆரஞ்சு ஓரத்திலும் வர வேண்டும். கடைசியாக, சியன்னாவைத் தண்ணீராகக் கரைத்து போல்ட்டின் அடியில் ஒரு சொட்டு வைத்து, பலகையை நிமிர்த்திப் பிடியுங்கள். அது தானாக வழியட்டும். பிரஷ்ஷால் வரைந்த கோடு எப்போதும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹார்டுவேர் கடையில் தரைக்குப் போட விற்கும் ரெட் ஆக்சைடு, மஞ்சள் ஆக்சைடு பொடி இருந்தால் இன்னும் நல்லது. துருவும் இரும்பு ஆக்சைடுதான், அந்தப் பொடியும் அதேதான். ஈரமான பெயின்ட் மேல் ஒரு சிட்டிகை தூவினால் டியூப் பெயின்ட்டில் வராத சொரசொரப்பு வரும். முகக்கவசம் கட்டிக்கொண்டு தூவுங்கள்.

பெயின்ட் உரிந்து உள்ளே துரு தெரிகிற மாதிரி செய்ய உப்பு தூவச் சொல்கிறார்களே?

செய்யலாம், ஆனால் அட்டையில் நான் செய்ய மாட்டேன். கழுவ முடியாத பரப்பில் உப்பு கொஞ்சம் தங்கிவிடும், மழைக்காலத்தில் ஈரத்தை இழுக்கும். மெழுகுவர்த்தி நல்லது. துரு நிறம் காய்ந்ததும், கை படும் ஓரங்களிலும் மூலைகளிலும் மெழுகைத் தேயுங்கள். அதன் மேல் பச்சையோ நீலமோ அடித்து, காய்ந்தபின் நகத்தால் சுரண்டினால் மெழுகு இருந்த இடம் மட்டும் உரியும். நம் ஊர் இரும்புக் கேட்டில் பெயின்ட்டுக்கு அடியில் ரெட் ஆக்சைடு பிரைமர் தெரியும், அதற்கும் அடியில்தான் துரு. நடுவில் அந்தச் செங்காவி நிறத்தை ஒரு கோடாவது விட்டுவைத்தால் பார்ப்பவர் தொட்டுப் பார்ப்பார்.

நிஜத் துருவையே வரவழைக்க முடியாதா அண்ணி?

முடியும். லேத் பட்டறையில் இரும்புத் தூள் கேட்டு வாங்கி, அக்ரிலிக் மீடியத்தில் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் பெயின்ட் பசை) குழைத்துப் பூசி, காய்ந்ததும் வினிகரில் கொஞ்சம் உப்பு கரைத்துத் தெளியுங்கள். ஒரு ராத்திரியில் நிறம் மாறத் தொடங்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் இதற்கு உதவாது, அது துருப்பிடிக்காத எஃகு. வினிகரோடு பிளீச்சிங் பவுடரை எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள், விஷ வாயு கிளம்பும். அடி அட்டைக்கு முதலில் இரண்டு பக்கமும் பிரைமர் அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊறிவிடும். உப்பு இதிலும் கொஞ்சம் தங்கும் என்பதால் சின்னப் பகுதிக்கு மட்டும் போதும்.

பலகை வில் மாதிரி வளைந்துவிட்டது.

ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்திருக்கிறது. முன்பக்கம் எத்தனை கோட்டோ, பின்பக்கமும் அத்தனை. அடிப்பலகைக்கு 3 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

நட்டு, வாஷர் உதிர்ந்துகொண்டே இருக்கிறது.

ஃபெவிகால் அட்டைக்கும் மரத்துக்கும்தான். இரும்பை அது பிடிக்காது. அரால்டைட் (இரண்டு டியூப்பைக் கலந்து போடும் எபாக்சி பசை) போடுங்கள், அதற்கு முன் உப்புத்தாளால் இரும்பின் அடியைத் தேய்த்துவிடுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும்.

“அபாயம் 440 வோல்ட்” எழுத்து கையால் எழுதியதா?

இல்லை. எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி, ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரின்ட் எடுத்தேன். பலகையில் அக்ரிலிக் மீடியம் தடவி, தாளைக் குப்புற ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, பின் நனைத்து விரலால் உருட்டி உருட்டித் தாளை மட்டும் எடுத்தால் எழுத்து தங்கிவிடும். இங்க்ஜெட் பிரின்ட் கரைந்து ஓடும். ஃபெவிகாலும் ஆகாது, ஈரம் பட்டால் மறுபடி இளகும். சில எழுத்து பாதி பிய்ந்து வரும். அப்படியே விடுங்கள், வெயிலில் கிடந்த பலகைக்கு அதுதான் பொருத்தம்.

மேலே என்ன வார்னிஷ்? எங்கே மாட்டுவது?

மேட் வார்னிஷ் மட்டும். பளபளப்பு வந்தால் துரு செத்துவிடும். ஸ்பிரேயாக இருந்தால் மொட்டை மாடியில் வைத்து அடியுங்கள். ஓதம் இறங்கும் சுவரில் மாட்ட வேண்டாம். மற்ற சுவரிலும் பின்னால் நான்கு மூலையில் கார்க் துண்டு ஒட்டிக் காற்றோட்டம் விடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து விழுகிற இடமாகப் பாருங்கள், நெளிவு நன்றாக எடுத்துக்காட்டும்.